யார் மாட்டின பெட்டி

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் 'அரசு கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு கடை. கவர்மெண்ட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தென்னரசு, வல்லரசு என்று இரண்டு பேர், பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஆளுக்கொரு பேரின் வாலை வெட்டிப் பலகையில் ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்படியும் மாதத்துக்கு ஒருத்தராவது வந்து, "இலவச லேப்டாப்பு இங்கதான் குடுக்கறாங்களா?" என்று நிற்பார்கள். வல்லரசு சிரித்து அனுப்பிவிடுவான். தென்னரசு நாற்காலி போட்டு உட்காரவைத்து, எந்த ஆபீசுக்குப் போகவேண்டும், என்னென்ன பேப்பர் வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுவான்.

அவன் சுபாவம் அப்படி. எடுத்துச் சொன்னால் மனிதர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்புகிறவன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று கேட்கத் தோன்றும். இருந்தான், என்ன செய்வது?

இரண்டு பேருக்கும் ஓமந்தூர் பக்கம் ஒரே கிராமம். வல்லரசு வீடு ஊரில், தென்னரசு வீடு காலனியில். கடை ஆரம்பித்து எட்டு வருஷம். பாகங்களை வாங்கிப் பெட்டிக்குள் மாட்டிக் கொடுக்கிற வேலை. கடைக்குள் இரண்டு மேசை. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி ப்ராசஸர் என்று ஒன்று இருக்கிறதே, அதில் சந்தையில் இரண்டு கம்பெனிதான் பிரதானம். இன்டெல் கேட்டால் வல்லரசு மேசை, ஏ.எம்.டி. கேட்டால் தென்னரசு மேசை. கடை திறந்த முதல் மாதமே வல்லரசு செய்த ஏற்பாடு இது. "ஒருத்தன் ஒண்ண நல்லா கத்துக்கினா போதும்டா மச்சான், ரெண்டையும் ரெண்டு பேரும் நோண்டிக்கினு இருந்தா வேல ஆவாது" என்றான். தென்னரசுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏற்பாட்டினால் கடை கலகலவென்று இருந்தது. வருகிற ஆட்களின் எதிரிலேயே இரண்டு பேரும் மல்லுக்கு நிற்பார்கள். "அவன் பெட்டிய வாங்காதீங்க, சூட்டுல தோச ஊத்தலாம்" என்பான் வல்லரசு. "அவன் ஸ்டிக்கருக்கும் சேத்து துட்டு வாங்குவாங்க, உஷாரு" என்பான் தென்னரசு. "ஏ.எம்.டி. நான் பெத்த புள்ளைங்க, எவனாவது கைய வெச்சுப் பாருங்க" என்று நெஞ்சைத் தட்டுவான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இன்டெல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த நிலைமையில்தான் விழுப்புரத்தில் இரண்டாவது கடை போடலாம் என்று பேச்சு வந்தது. தென்னரசுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் மனைவி இசைவாணிக்கு ஒரு வருஷமாக விழுப்புரத்தில் நர்ஸ் வேலை. காலையில் ஆறு மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள், சாயங்காலம் வந்து விழும்போது பேசத் தெம்பிருக்காது. விழுப்புரம் கடையைத் தான் பார்த்துக்கொண்டால் அங்கேயே ஒரு வீடு எடுத்துவிடலாம். வீடு கூடப் பார்த்தாயிற்று. மாடிப் போர்ஷன், ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்.

வல்லரசு ஒரு வெள்ளிக்கிழமை அதில் மண்ணைப் போட்டான்.

"விழுப்புரத்துல இன்டெல் மட்டுந்தான் மச்சான். ஏ.எம்.டி. வேணாம்."

"ஏன்டா?"

"போன வருஷம் நம்ம கடையில எத்தன ஏ.எம்.டி. போச்சு, சொல்லு பாப்போம்."

தென்னரசுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். ஏழு. அதில் மூன்று காலனிப் பிள்ளைகளுக்கு, ஒன்று அவன் தம்பிக்கு.

"அப்போ நான் அங்க என்னா பண்றது?"

"நீ ஏன் அங்க வர்ற? இந்தக் கடைய நீ பாரு. அங்க நான் பாத்துக்கறேன்." வல்லரசு முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"மச்சான், ஜனங்களுக்குத் தெரியலடா. அதே வெலைக்கு, படம் வரையறவங்களுக்கு, வீடியோ கட் பண்றவங்களுக்கு இது நல்லா ஓடும்டா. கண்ணால பாத்தா எடுக்காம போயிடுவாங்களா? நாளைக்கி உங்க மாமா வர்றாருல்ல, பொண்ணுக்கு கம்ப்யூட்டர் எடுக்க? ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிக் காட்றேன். எது ஜல்தியா முடிக்குதோ அத எடுக்கட்டும். என்னுது போச்சுன்னா விழுப்புரம் பேச்சே எடுக்கல. ஜெயிச்சா ரெண்டும் வெப்போம், அங்க நான் போறேன்."

வல்லரசு ஸ்க்ரூ டிரைவரை மேசையில் உருட்டினான். "எதுக்குடா இந்த பேஜாரு?" என்றான். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றான். வேண்டாம் என்று அப்போதே கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம், படுபாவி. தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பாண்டுரங்கன் வந்தார். வல்லரசுக்குத் தாய்மாமன் முறை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம், நிலத்திலிருந்து நேரே வந்ததால் வேட்டி ஓரத்தில் செம்மண். கூடவே மகள் பானுப்ரியா. புதுச்சேரியில் கட்டடக்கலை படிக்கிறாள், மூன்றாவது வருஷம். கட்டப்போகிற வீட்டை உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பெட்டி.

"வாங்க அய்யா" என்று தென்னரசு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"நல்லா கீறியாப்பா?" என்றார் பாண்டுரங்கன். மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். தென்னரசு மகள் காது குத்துக்கு வந்து, பந்தலில் உட்கார்ந்து, மொய் எழுதி, ஒரு சோடா குடித்துவிட்டுப் போனவர்.

இரண்டு பெட்டிகளும் ஒரே விலை. இரண்டிலும் பானுப்ரியா பென் டிரைவில் கொண்டுவந்த அதே வீடு. இரண்டிலும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டார்கள். தென்னரசு திரையைப் பார்க்கவில்லை, பாண்டுரங்கன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தோராவது நிமிஷம் ஏ.எம்.டி. படத்தை முடித்துக் கொடுத்தது. இன்டெல்லையும் குறை சொல்வதற்கில்லை, அந்த விலையில் அந்த வேலைக்கு அது இருபத்தேழு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

"அப்பா, இதான்ப்பா! ஆறு நிமிஷம் கம்மி!" பானுப்ரியா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "சப்மிஷன் அன்னிக்கி ஆறு நிமிஷம்னா சும்மாவா?"

தென்னரசுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். விழுப்புரத்து மாடிப் போர்ஷனுக்குள் ஏறியே போய்விட்டான். வல்லரசைத் திரும்பிப் பார்த்தான். அவன் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பாண்டுரங்கன் மீசையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த இன்டெலே குடுத்துடுங்க."

"அப்பா!"

"நீ சும்மா இருமா."

தென்னரசு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆறு நிமிஷம் என்றால் என்ன, கரண்ட் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம் என்று தண்ணீர் குடிக்காமல் சொன்னான். பாண்டுரங்கன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "எல்லாஞ் சரிப்பா. இன்டெலே இருக்கட்டும்" என்றார்.

போகட்டும், வாங்குகிறவர் அவர்தானே? தோற்றாலும் அழுகுணி ஆட்டம் ஆடக்கூடாது என்று தென்னரசு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். ஓட்டிக் காட்டியது கடையின் மாதிரிப் பெட்டி, புதிதாக ஒன்று மாட்டித் தர வேண்டும். வல்லரசு இன்னும் வெளியே போனில் இருந்தான். ரேக்கிலிருந்து இன்டெல்லின் நீல அட்டைப் பெட்டியை இறக்கி, வல்லரசு மேசையில் உட்கார்ந்து, கவரைக் கிழிக்கப் போனான்.

"தம்பி, அத வெச்சிடு."

"அய்யா?"

"வல்லரசு வரட்டும். அவன் மாட்டட்டும்."

"எனக்கும் தெரியும் அய்யா. அர மணி நேரத்து வேல. நீங்க எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்?"

"அதுக்கில்லப்பா." பாண்டுரங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, ஒரு சின்னப் பையனுக்கு எடுத்துச் சொல்கிற பதம். "வூட்டுக்குள்ள வெக்கறது. சாமி ரூம்புக்குப் பக்கத்து ரூம்பு. பொம்பளைங்க கேப்பாங்க, யாரு மாட்டினதுன்னு. அதுக்குத்தான நாங்கள்லாம் இன்டெல் கேக்கறது. ஏன், வல்லரசு உனக்குச் சொல்லலியா?"

பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

தென்னரசு நீலப் பெட்டியை மேசையில் வைத்தான். அவனுக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எட்டு வருஷம்! எத்தனை பேர் எதிரில் நெஞ்சைத் தட்டி, ஏ.எம்.டி. நான் பெத்த பிள்ளை என்று கூவியிருக்கிறான்! கூவின ஒவ்வொரு தடவையும், எதைத் தொடக்கூடாது என்று அவனே வாடிக்கையாளருக்குக் கைகாட்டி விட்டிருக்கிறான். அவர்கள் சிரித்த சிரிப்பையெல்லாம் தன் பேச்சுக்குக் கிடைத்த சிரிப்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்?

வெளியே போய் வல்லரசின் காதிலிருந்து போனைப் பிடுங்கினான். மறுமுனையில் யாருமே இல்லை.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"மொத மாசமே மச்சான். நீ மாட்டின பெட்டி ரெண்டு திரும்பி வந்துச்சு, நெனவிருக்குதா? ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னாங்களே? சத்தமெல்லாம் ஒண்ணும் வரல."

"அதுக்குத்தான் ரெண்டு மேச போட்டியா?"

"எவனும் உன் மூஞ்சிக்கி நேரா சொல்லக்கூடாதுன்னு தான்டா பண்ணேன். நீ ஏ.எம்.டி., நான் இன்டெல்னு வெச்சிட்டா, அவன் பாட்டுக்கு வந்து ஒண்ண கேட்டு வாங்கிக்கினு போயிடுவான். உனக்கும் நோவாது."

"எனக்கு நோவாம பாத்துக்கினியா, யாவாரம் கெடாம பாத்துக்கினியா?"

வல்லரசு தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "ரெண்டுந்தான்" என்றான். பொய் சொல்லியிருந்தால் கூட தென்னரசு அவனை மன்னித்திருப்பானோ என்னவோ.

"அப்போ நீ காமாலையில ஒன்றர மாசம் படுத்திருந்தியே, ரெண்டு வருஷம் முன்ன? அந்த இன்டெல்லெல்லாம் யாரு மாட்டினது?"

"டேய், மெதுவா பேசுடா. வூட்டுல குந்தி நானே மாட்டி அனுப்பினேன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

மெதுவாகப் பேசுகிற வயதெல்லாம் தென்னரசுக்கு அந்த நிமிஷத்தோடு முடிந்துபோயிற்று. விறுவிறுவென்று கடைக்குள் போனான். பாண்டுரங்கன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, உங்க மச்சான் நடராசன் வூட்டுல நீல ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி ஒண்ணு இருக்குதே, அது நான் மாட்டினது. ரைஸ்மில்லுல இருக்கறது நான் மாட்டினது. கல்யாண மண்டபத்து ஆபீசு, உங்க தெருவுல தையல்நாயகியம்மா வூடு, எல்லாம் இந்தக் கைதான். ஸ்க்ரூவுல இருந்து ஸ்டிக்கர் வரைக்கும். ரெண்டு வருஷமா சாமி ரூம்பு பக்கத்துல நல்லாத்தான ஓடிக்கினு இருக்குது?"

பாண்டுரங்கன் டம்ளரை வைத்துவிட்டு வல்லரசைப் பார்த்தார். "என்னா வல்லரசு?"

"இல்ல மாமா, கோவத்துல பேசறான். எல்லாம் நான் மாட்டினதுதான்."

பாலிடெக்னிக் பெஞ்சில் தொடங்கின நட்பு அவ்வளவுதான், ஒரு வாக்கியத்தில் முடிந்தது. ஆனால் பாண்டுரங்கன் கணக்குத் தெரியாத ஆளில்லை. "அந்த மாசம் நீ படுத்த படுக்கையா இருந்தியேடா. கீழாநெல்லி அரச்சி எடுத்துக்கினு நான்தான வந்தேன்?" என்றார். மகளைக் கிளம்பச் சொன்னார். பெட்டி எடுக்காமலே போனார்.

சாயங்காலம் இசைவாணி ரயிலை விட்டு இறங்கி வந்ததும் தென்னரசு எல்லாவற்றையும் சொன்னான். அவள் காலணியைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள். "நீ வாய தொறந்திருக்க வேணாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தொறக்காமலும் இருந்திருக்க முடியாது" என்றாள். விழுப்புரம் வீட்டுக்காரருக்கு அவளே போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. செய்தி ஊரெல்லாம் பரவ அந்த ஒரு நாள் போதாதா?

திங்கட்கிழமை தென்னரசு ஒன்பதரைக்கு வந்தபோது கடை வாசலில் ஆறு பெட்டிகள். பதினொரு மணிக்குள் பதினேழு ஆயிற்று. பைக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கோணிப்பையில் சுற்றி என்று கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் நீல ஸ்டிக்கர், வல்லரசு காமாலையில் படுத்திருந்தபோது விற்றவை. ஒன்றிலாவது கோளாறு உண்டா? கிடையாது. கோளாறு என்று ஒருத்தரும் சொல்லவும் இல்லை.

"ஒரு தடவ கழட்டி நீயே மாட்டிக் குடுத்துடு வல்லரசு. தூசா கீது" என்றார் ரைஸ்மில்காரர்.

"சும்மா ஒரு சர்வீசு" என்றார் நடராசன்.

தென்னரசைப் பார்த்தவர்கள் வழக்கம்போல் தலையாட்டினார்கள். "டிபன் ஆச்சாப்பா?" என்று கூட ஒருத்தர் விசாரித்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான்.

வல்லரசு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தான். விசிறியைக் கழற்றி, ப்ராசஸரை வெளியே எடுத்து, சூடு தணியப் பூசியிருந்த பழைய பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அதே ப்ராசஸரை அதே இடத்தில் திரும்ப வைத்தான். உடையவர் எதிரில் நின்று பார்த்தார். மூடி, திருகி, கொடுத்தான். வாங்கிக்கொண்டு போனார்கள். தென்னரசு தன் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் விரல் பட்ட இடமெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகவும் தோன்றவில்லை. பாதிக் கடை அவனுடையது.

எட்டாவது பெட்டியில் வல்லரசின் கை தடுமாறியது. இன்டெல்லில் ப்ராசஸர் உட்காருகிற பள்ளத்தில் தலைமுடி கனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கும். ப்ராசஸர் வழுக்கி அதன்மேல் விழுந்து, மூன்று ஊசி மடங்கிவிட்டது. அதை நிமிர்த்துவது வல்லரசுக்கு வராது, அவசரக்காரன். நிமிர்த்தாவிட்டால் பெட்டி எழுந்திருக்காது.

அவன் பெட்டிக்காரரிடம், "ஒரு பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். தென்னரசிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை.

"மச்சான், மூணு பின்னு மடங்கிடுச்சுடா. நிமித்திக் குடு. யாரும் பாக்க மாட்டாங்க."

"ஷட்டர ஏத்து."

"டேய்…"

"ஏத்துடா. அவுங்க எதுருல குந்தி நிமித்தித் தர்றேன். மூணு இல்ல, முப்பது இருந்தாலும் தர்றேன்."

வல்லரசு ஷட்டரைப் பார்த்தான். அதன் கீழே வரிசையாகக் கால்கள் தெரிந்தன, செருப்பும் ஷூவும் பெட்டிகளுமாக. ஒரு எட்டு வைத்தால் போதும், கை நீட்டித் தூக்கிவிடலாம். அவன் அந்த எட்டை வைக்கவில்லை. எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். "பதினேழு குடும்பம்டா" என்றான்.

தென்னரசு எழுந்தான். குனிந்து ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்தான்.

வரிசையின் கடைசியில் மாரியப்பன் நின்றுகொண்டிருந்தார். காலனியில் தென்னரசு வீட்டுக்கு மூன்றாவது வீடு, சித்தப்பா முறை, அங்கன்வாடிக்கு அரிசி ஏற்றுகிற வண்டியில் வேலை. ஊரெல்லாம் வாங்குகிறதே என்று மகளுக்கு அவரும் ஒரு இன்டெல் வாங்கிக்கொடுத்திருந்தார். அந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். தென்னரசைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல வேள, நீ வந்த. எல்லாரும் பெட்டிய எடுத்துக்கினு ஓடறாங்கன்னு பையனுங்க சொன்னானுங்க, நானும் எடுத்தாந்துட்டேன். கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். என்னா கோளாறு தம்பி? என்னுதுலயும் இருக்குமா?"

வரிசையில் இருந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள்.

"இருக்குது சித்தப்பா" என்றான் தென்னரசு. "அதுவும் நான் மாட்டினதுதான்."

மாரியப்பனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. துண்டின் முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு மொபெட்டைத் திருப்பினார்.

"ஏறு" என்றார்.

தென்னரசு பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். எட்டு வருஷக் கடையிலிருந்து அவன் எடுத்துக்கொண்டு போனது அது ஒன்றுதான். அதுவும் மாரியப்பனுடையது.